ஏறாத மருந்து, இறங்காத மருந்து

பஸ்ஸுல நிக்க எடமில்லை, இந்த சீட்டுல துண்டு கெடக்கே, யாராவது வர்றாங்களா? வரலையா? அப்ப எடுங்க. ஆளே இல்லாத எடத்துக்குக் காவல் வச்சுட்டு உக்காந்திருக்கீங்க. கோவமாப் பேசலை தம்பி, என் தொண்டையே இப்படித்தான். நான் சாப்பாடு போடுன்னு சொன்னா எதிர்வீட்டுல கதவைச் சாத்திக்கிறாங்களாம். என் வீட்டுக்காரி சொல்லுவா.

காதுல மாட்டியிருக்கீங்களே, அதையும் கழட்டிடுங்க. பக்கத்துல ஒரு மனுஷன் உக்காந்திருக்கான். இன்னிக்கு யார்கிட்டயாவது பேசலைன்னா எனக்கு நெஞ்சு வெடிச்சுடும்.

ஜெயிச்சுட்டு வர்றேன் தம்பி. கலெக்டர் மனுநாள்ல மனு குடுத்திருந்தேன், இன்னிக்கு மீன் பண்ணைத் திட்ட ஆபீஸ்ல விசாரணை. நான் நிக்கும்போதே முடிவு சொல்லிட்டாங்க. ஒருத்தி வேலை போயிடுச்சு. ஆமா, நான்தான் போக வச்சேன். அவ வேலை போகணும்னுதானே மனுவே குடுத்தேன். யாருன்னு கேக்குறீங்களா? எங்க அண்ணன் பொண்ணு, மணிமொழி. ஏன் அப்படி முழிக்கிறீங்க? சொந்தக்காரின்னா தலையில ஏறி மிதிக்கலாமா?

நீங்க என்ன தொழில் பண்றீங்க? மெடிக்கல் ஷாப்பா? நல்லதாப் போச்சு. உங்ககிட்டயே நியாயம் கேக்கிறேன். முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுங்க, நடுவுல தலையை ஆட்டாதீங்க.

எனக்கு மணல்வெளியில ரெண்டு மீன் குட்டை. ஆத்து முகத்துவாரத்துப் பக்கம், உப்புத் தண்ணி. கொடுவா வளக்கிறேன். கொடுவா சாப்பிட்டிருக்கீங்களா? சாப்பிட்டிருந்தா இப்படி உக்காந்திருக்க மாட்டீங்க. ஒம்பது வருஷமா வளக்கிறேன். எந்த மீன் எந்த நேரத்துல எந்தக் கரையில ஒதுங்கும்னு எனக்குத் தெரியும். எனக்கு எவளும் பாடம் எடுக்க வேண்டாம்.

இந்த மணிமொழி மீன் படிப்புப் படிச்சவ. காலேஜுல சேரப்போறேன்னு சொன்னப்ப ஊரே சிரிச்சுச்சு, மீனைப் பத்திப் படிக்க என்னடி இருக்குன்னு. எங்க அண்ணன் அப்ப சிங்கப்பூர்ல இருந்தாரு. நர்ஸுக்குப் படிக்கட்டும்னாரு. போன்ல அவரோட சண்டை போட்டு இந்தப் படிப்புல சேத்துவிட்டவன் நான். அதுக்கு முந்தி ஏழு வருஷம் பள்ளிக்கூடத்துக்கு என் மொபெட்டுலதான் போனா. அப்படி ஏத்திவிட்ட ஆளைத்தான் இப்ப இறக்கிவிட்டுட்டு வர்றேன். படிச்சு முடிச்சு, பண்ணைத் திட்டம் ஒண்ணுல ஒப்பந்த வேலை கெடைச்சுச்சு. குட்டை குட்டையாப் போய் மீனுக்கு நோய் இருக்கா, கறியில மருந்து தங்கியிருக்கான்னு பாத்து எழுதணும். அவ எழுதிக் குடுத்தாத்தான் கம்பெனிக்காரன் மீனை எடுப்பான். வருஷா வருஷம் ஒப்பந்தத்தை நீட்டிப்பாங்க. நீட்டிப்பாங்க என்ன, நீட்டிச்சாங்க. இனிமே இல்லை.

போன கார்த்திகையில விடாம மழை. குட்டையில தண்ணி கலங்கி, கொடுவா ஒடம்புல செவப்பு செவப்பாப் புண்ணு. வால் அழுகி உதிருது. காலையில போனா நாலு மீன், அஞ்சு மீன் மெதக்குது. மணிமொழிக்குப் போன் பண்ணினேன், வந்தா. அதை இல்லைன்னு சொல்ல மாட்டேன். கொட்டுற மழையில ரெயின்கோட்டு மாட்டிக்கிட்டு வந்தா. ஒரு மீனைப் பிடிச்சு வயித்தைக் கீறிப் பாத்தா, தண்ணியை மோந்து பாத்தா. அப்புறம் என்ன சொன்னா தெரியுமா?

"சித்தப்பா, தீவனத்துல மருந்து கலந்து போட்டா இதுக்கு வேலைக்கு ஆகாது. நோய் வந்த மீன் வாயைத் தொறக்காது. நல்லா இருக்கிறதுதான் திங்கும். மருந்து வேண்டியதுக்குப் போகாது, வேண்டாததுக்குப் போகும். தண்ணியை மாத்துங்க, செத்ததை ஒடனே எடுங்க, மீனைப் பிரிச்சு ரெண்டு குட்டையிலயும் விடுங்க."

சரி. அது ஒரு அபிப்பிராயம். நான் விட்டேனா? தீவனக்கடை குமரேசன் ஒரு மஞ்சப் பவுடர் குடுத்தான், அதை அவகிட்டக் காட்டினேன். வாங்கிப் பாத்துட்டு சொல்றா, "இந்த மருந்து உப்புத் தண்ணி மீனுக்கு ஒடம்புல சரியா ஏறாது சித்தப்பா. கடல் தண்ணியில இருக்கிற சுண்ணாம்புச் சத்து குடல்லயே மருந்தைப் பிடிச்சு வச்சுக்கும். முக்காவாசி அப்படியே வெளிய போயிடும்"னு. அதோட விட்டாளா? "ஏறினதும் சுலபமா இறங்காது. செதில்லயும் எலும்புலயும் போய் ஒட்டிக்கிட்டு நாள்கணக்கா இருக்கும். அதனால இதைத் தொடாதீங்க. போட்டே ஆகணும்னா நான் அளவு எழுதித் தர்றேன், அந்த அளவுதான்"னா.

நீங்களே சொல்லுங்க தம்பி. ஏறாதுங்கிறா. இறங்காதுங்கிறா. ஏறாததுதான் எப்படி இறங்காம இருக்கும்? இது படிச்சவ பேச்சா? குடிச்சவன் பேச்சா? சிரிக்காதீங்க, எனக்கு அன்னிக்கு சிரிப்பு வரலை, ஆத்திரம்தான் வந்துச்சு. என் மீன் சாகுது, இவ எனக்கு விடுகதை போடுறா.

ஆனா ஒண்ணு, அவ சொன்னதுலயும் ஒரு விஷயத்தைப் பிடிச்சுக்கிட்டேன். ஏறாதுங்கிறாளே, அப்ப ரெண்டு மடங்காப் போட வேண்டியதுதானே? முக்காவாசி வெளிய போனாலும் மிச்சம் நிக்குமில்ல? மீன் எண்ணெயில பவுடரைக் கரைச்சு, தீவனத்துல பெசறி, தார்ப்பாயில நெழல்ல காயவச்சு, பத்து நாள் போட்டேன். குமரேசன் சொன்ன அளவுக்கு ரெண்டு மடங்கு. என் கையாலயே போட்டேன், வேலைக்காரன்கிட்ட விடலை.

கொடுவா தீவனம் எடுக்கிறதைப் பாத்திருக்கணும் நீங்க. தகரத்தைத் தட்டினா போதும். பெரிசெல்லாம் ஒண்ணை ஒண்ணு இடிச்சுக்கிட்டு வரும், தண்ணி கொதிக்கிற மாதிரி இருக்கும். அந்தப் பத்து நாளும் பெரிசுங்க என்னமாத் தின்னுச்சு தெரியுமா! நோஞ்சான் மட்டும் மதகுப் பக்கம் மூலையில தலையைத் தொங்கப்போட்டுக்கிட்டு நின்னுச்சு. அதுக்குக் குடுத்துவைக்கலை. ரெண்டு வாரத்துல சாவு நின்னுடுச்சு. செவப்புப் புண்ணு கண்ட மீன்ல பெரும்பாலும் செத்துப்போச்சு, மிச்சமிருந்தது எல்லாம் தெளிஞ்சு நீந்துது. மருந்து வேலை செஞ்சுச்சா இல்லையா?

அவளுக்கு நானே போன் பண்ணினேன். மறைச்சுப் பண்ற ஆள் நான் இல்லை. "ஏறாதுன்னியே, ரெண்டு மடங்கு போட்டேன், ஏறிடுச்சு, மீன் பொழைச்சுச்சு"ன்னேன். அவ மெதுவா, "சித்தப்பா, இதை வேற யார்கிட்டயும் சொல்லாதீங்க"ன்னா. பாத்தீங்களா? தான் சொன்னது தப்பாப் போனது வெளிய தெரியக் கூடாதாம்.

மருந்து நிறுத்தி இருபத்தொரு நாள் கழிச்சு மீனைப் பிடிக்கலாம்னு டப்பாவுல போட்டிருக்கு. நான் காலண்டர்ல ஒவ்வொரு நாளா அடிச்சுக்கிட்டே வந்தேன். இருபத்தொண்ணு முடிஞ்சுது. பொங்கலுக்கு முன்னாடி எடுக்கணும்னு சென்னை கம்பெனிக்காரன் போன் மேல போன். இவளைக் கூப்பிட்டேன், வந்து மாதிரி எடுத்துப் பாத்து எழுதிக் குடுடின்னு.

வந்தா. கயித்துல ஒரு தெர்மாமீட்டரைக் கட்டித் தண்ணிக்குள்ள விட்டா. மார்கழி மாசம், வாடைக்காத்து அடிக்குது. எடுத்துப் பாத்துட்டு ஒதட்டைப் பிதுக்குறா. "இருபத்துநாலு டிகிரிதான் இருக்கு சித்தப்பா. இப்பப் பிடிக்க வேணாம். டப்பாவுல போட்டிருக்கிற நாள் நல்ல வெயில் காலத்துக்கு, அதுவும் சரியான அளவு போட்டிருந்தா"ங்கிறா. நான் கேட்டேன், மருந்துக்கு என்னடி வெயில் மழைன்னு. அதுக்கு சொல்றா, "நமக்கு ஒடம்புச் சூடு எப்பவும் ஒண்ணுதான். மீனுக்குத் தண்ணி எவ்வளவு சூடோ அவ்வளவுதான் ஒடம்புச் சூடு. தண்ணி குளிர்ந்தா ஈரலும் மெதுவா வேலை செய்யும், மூத்திரமும் மெதுவாப் போகும். மருந்து வெளிய போக நாளாகும். நீங்க நாளை மட்டும் எண்ணாதீங்க, ஒவ்வொரு நாளும் தண்ணி எத்தனை டிகிரின்னு கூட்டிக் கணக்குப் பாருங்க."

இப்ப உங்களைக் கேக்கிறேன். நீங்க கடையில காய்ச்சல் மாத்திரை குடுக்குறீங்க. மழை பெய்யுதா வெயிலடிக்குதான்னு பாத்தா குடுக்குறீங்க? என்ன, மீன் வேறயா? நீங்களும் அவ கட்சியா? கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க தம்பி.

"ரெண்டு மூணு வாரம் பொறுங்க"ன்னா. பொறுத்தா கம்பெனிக்காரன் போயிடுவான். இப்பவே எடு, எனக்கு என் மீன் மேல நம்பிக்கை இருக்குன்னேன். வலையை இழுக்கச் சொன்னேன். பன்னெண்டு மீன் விழுந்துச்சு. "சின்னதும் பெரிசுமாக் கலந்து எடுங்க சித்தப்பா"ங்கிறா. எடுப்பேனா? எங்க பக்கம் வீடு தேடி வந்தவங்களுக்கு நடுத்துண்டுதான் வைப்போம். பரிசோதனைக்குப் போற மீன், என் குட்டை பேரைச் சொல்லப்போற மீன், அதுல போய் நோஞ்சானைக் குடுப்பேனா? உள்ளதுலயே பெரிசு, கொழுகொழுன்னு, கண்ணு கண்ணாடி மாதிரி மின்னுது, அப்படி மூணு எடுத்து அவ பெட்டியில நானே வச்சேன். அதைப் பாத்துட்டு அவ மூஞ்சி சின்னதாப் போச்சு. குத்தம் கண்டுபிடிக்க முடியாதேன்னு நெனைச்சிருப்பா.

பத்து நாள்ல ரிசல்ட். மருந்து இருக்காம். அளவுக்கு மேல இருக்காம். "இருபத்தைந்து நாள் கழித்து மறுபரிசோதனை"ன்னு ஒரு வரி எழுதி, கீழ கையெழுத்து. அவ்வளவுதான். கம்பெனிக்காரன் அன்னிக்கே வண்டியைத் திருப்பி, பக்கத்துக் குட்டை கலியபெருமாள்கிட்ட மீனை எடுத்துட்டுப் போயிட்டான். என் கண்ணு முன்னால, என் கரை மேலதான் வண்டி போச்சு. கலியபெருமாள் பொண்டாட்டி அந்த வாரம் இவளுக்குக் காப்பி போட்டுக் குடுத்ததை என் கண்ணால பாத்தேன் தம்பி. எனக்கு எல்லாம் வெளங்கிப்போச்சு.

நான் சும்மா இருக்கிற ஆளா? மறுநாளே குட்டையில எறங்கி ஆறு மீன் பிடிச்சேன். இவ பேச்சு பொய்னு நிரூபிக்கணும்னா எல்லா வகையும் வேணுமில்ல? மூணு பெரிசு. மூலையில நின்ன நோஞ்சான் மூணு, உயிர் பொழைச்சுக் கெடந்தது. ஐஸ்ல வச்சு, நானே ரயிலேறி சென்னைக்குப் போய், தனியார் லேப் ஒண்ணுல குடுத்தேன். ரிசல்ட்டைப் பாத்தேன் பாருங்க, எனக்குத் தலைகால் புரியலை. பெரிசு மூணுலயும் மருந்து இருக்கு. நோஞ்சான் மூணுலயும் ஒரு சொட்டு இல்லை.

எதுக்கு மருந்து குடுத்தேன்? நோய்க்கு. நோய் எதுக்கு வந்துச்சு? நோஞ்சானுக்கு. அதுல மருந்தே இல்லையாம். நோயே இல்லாம ஓடியாடித் தின்னுக்கிட்டிருந்த பெரிசுல மருந்து கெடக்காம். காய்ச்சல்காரனுக்கு ஊசி போட்டா அது பக்கத்து வீட்டுக்காரன் ஒடம்புல போய் நிக்குமா? இந்த டெஸ்டு, லேபு, மெஷினு எல்லாமே பித்தலாட்டம்னு அந்தக் காயிதம் ஒண்ணே போதாதா? அதை லேமினேஷன் பண்ணினேன். மனு எழுதினேன். கலியபெருமாளுக்கு சாதகமாப் பொய் ரிசல்ட் குடுத்த மணிமொழியை வேலையை விட்டு எடுக்கணும்னு, வக்கீல் வச்சு எழுதினேன்.

என் வீட்டுக்காரி வேதவல்லி அன்னிலேருந்து என்கூடப் பேசுறதில்லை. சோத்தை வச்சுட்டுப் போயிடுவா. பேசாட்டி போகட்டும், சாம்பார்ல உப்பு சரியாத்தான் இருக்கு.

போன சனிக்கிழமை சாயங்காலம் இவ வீட்டுக்கு வந்தா. வேதவல்லிதான் சொல்லியிருக்கணும். வந்து கீழ, வெறுந்தரையில உக்காந்தா. அந்த லேப் காயிதத்தைக் காட்டுங்கன்னா, காட்டினேன். ரொம்ப நேரம் பாத்தா. "பெரிசு மூணும்தான் தின்னுச்சு சித்தப்பா. நோஞ்சான் வாயே தொறக்கலை. திங்காததுக்கு எப்படி மருந்து போகும்? இதைத்தானே மழையில நின்னு சொன்னேன்"னா. நான் காயிதத்தைத் திருப்பி வாங்கிக்கிட்டேன். அவ கொரல் என்னமோ மாதிரி இருந்துச்சு.

அப்புறம் சொன்னா, "மனு குடுத்தது குடுத்ததாவே இருக்கட்டும், எனக்கு அதைப் பத்திக் கவலை இல்லை. விசாரணையில இந்தக் காயிதத்தை மட்டும் குடுக்காதீங்க. இதைப் பாத்தா எவ்வளவு போட்டீங்கன்னு கேப்பாங்க. கேட்டா நீங்க உண்மையைச் சொல்லிடுவீங்க. உங்களுக்கு மறைக்கத் தெரியாது." அப்ப அழுதா தம்பி. சின்னப் புள்ளையில மொபெட்டுலேருந்து விழுந்து மொழங்கை கிழிஞ்சப்பகூட அழாதவ. எனக்கு ஒடனே புரிஞ்சுபோச்சு, பயந்துட்டா, மாட்டிக்கிட்டா, நாம ஜெயிச்சாச்சுன்னு.

அதுலயும் ஒரு அதிசயம் பாருங்க. இவ்வளவு நடந்ததுக்கு நடுவுல, ரெண்டு வாரம் முந்தி, சொன்ன தேதிக்கு வந்து மறுபரிசோதனைக்கு மீன் எடுத்துட்டுப் போனா. என் மனு நம்பர்கூட அவளுக்கு அப்பத் தெரியும். நான் குட்டைப் பக்கமே போகலை. வேலைக்காரன்தான் வலை இழுத்தான். கலந்து எடுத்தாளாம், சின்னதும் பெரிசுமா.

சரி, இன்னிக்குக் கதைக்கு வர்றேன். கண்டக்டர், இந்தாங்க டிக்கெட், எத்தனை தடவை பாப்பீங்க?

திட்ட ஆபீஸ்ல பெரிய அதிகாரி ஒரு அம்மா. வெள்ளைத் தலை, கண்ணாடி. இவளும் நின்னா, ஒரு ஓரமா. அந்தம்மா என் மனுவைப் படிச்சாங்க, லேமினேஷன் காயிதத்தைப் படிச்சாங்க, திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. "என்ன மருந்து போட்டீங்க வைத்திலிங்கம்?"னாங்க. சொன்னேன். "எவ்வளவு?" சொன்னேன். நெஞ்சை நிமித்திக்கிட்டே சொன்னேன், ரெண்டு மடங்கு மேடம், என் கையாலயே போட்டேன்னு. "அளவு எழுதிக் குடுத்தது யாரு?" யாரும் குடுக்கலை மேடம், நானே முடிவு பண்ணினேன். அந்தம்மா இவ பக்கம் திரும்பினாங்க. "உனக்குத் தெரியுமா?"

இவ வாயைத் தொறக்கிறதுக்குள்ள நான் சொன்னேன், "எல்லாம் தெரியும் மேடம், அன்னிக்கே போன் பண்ணி நானே சொன்னேன்." விடுவேனா? என் எதிர்ல ஒண்ணும் தெரியாத மாதிரி நிக்கிறாளே.

அந்தம்மா ஒரு பதிவேட்டை எடுத்து வச்சு, "இதுல அது எழுதலையேம்மா"ன்னாங்க. இவ தரையையே பாத்துக்கிட்டு, "விட்டுப்போச்சு மேடம், மறந்துட்டேன்"னா.

மறந்துட்டாளாம்! மறக்கிறவளா இவ? ஆறாம் வகுப்புல யாரு எத்தனை மார்க்குன்னு இன்னிக்கும் ஒப்பிப்பா. நான் ஒரு நாள் அவளைப் பள்ளிக்கூடத்துலேருந்து கூப்பிட மறந்ததை பதினஞ்சு வருஷமாச் சொல்லிக் காட்டுவா. பொய் சொல்றான்னு எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வந்துச்சு. "பொய் மேடம். மறக்கலை. வேற யார்கிட்டயும் சொல்லாதீங்க சித்தப்பான்னு போன்லயே சொன்னா. வேணும்னுதான் எழுதலை"ன்னு அடிச்சு சொன்னேன்.

அந்தம்மா கண்ணாடியைக் கழட்டினாங்க. என்னைப் பாத்தாங்க. கோவமாப் பாத்திருந்தாப் பரவாயில்லை தம்பி. அப்படிப் பாக்கலை.

"வைத்திலிங்கம், அளவுக்கு மேல மருந்து போட்டது இந்தப் பதிவேட்டுல ஏறியிருந்தா, அன்னிக்கே உங்க குட்டை மீன் அத்தனையையும் குழி தோண்டிப் புதைக்கச் சொல்லியிருப்போம். குட்டையையும் ஒரு வருஷம் மூடியிருப்போம். அதான் விதி. இந்தப் பொண்ணு அதை எழுதாம, மருந்து எறங்கட்டும்னு நாளை மட்டும் தள்ளி வச்சிருக்கு. உங்களைக் காப்பாத்தத்தான் வச்சிருக்கு. ஆனா அது தப்பு. வெறும் மறதியா இருந்திருந்தா ஒரு எச்சரிக்கையோட விட்டிருப்பேன். வேணும்னு மறைச்சதுன்னு சித்தப்பா நீங்களே வாக்குமூலம் குடுத்துட்டீங்க. இனி என் கையில ஒண்ணும் இல்லை"ன்னாங்க.

ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுது, நீட்டிப்பு கெடையாதுன்னு அங்கேயே எழுதினாங்க. இவ கையெழுத்துப் போட்டா.

எனக்கு என்ன தண்டனைன்னு கேட்டேன். கேட்டேன் தம்பி, நானே கேட்டேன். அந்தம்மா ஒரு எச்சரிக்கைக் கடிதத்தையும், அது கூடவே இன்னொரு காயிதத்தையும் குடுத்தாங்க. மறுபரிசோதனை ரிசல்ட். மருந்து இல்லை. எந்த மீன்லயும் இல்லை, பெரிசுலயும் இல்லை. தை வெயில் அடிச்சு, தண்ணி சூடேறி, சுத்தமா எறங்கிடுச்சாம். அதனால இனிப் புதைக்க வேண்டியதில்லையாம். மீனை விக்கலாம்னு போட்டுக் கீழ கையெழுத்து, மணிமொழி. இந்தா இருக்கு, பாக்கணுமா? தொடாதீங்க, பாருங்க போதும்.

வெளிய வராந்தாவுல நின்னா. திட்டுவான்னு நெனைச்சேன். திட்டட்டும், பதிலுக்கு ஒண்ணு குடுக்கலாம்னு தயாராத்தான் போனேன். அவ சொல்றா, "நாளைக்குக் காலையில வெயிலுக்கு முன்னாடி பிடிச்சிடுங்க சித்தப்பா. இன்னிக்கு சாயங்காலம் தீவனம் போடாதீங்க, வெறும் வயித்தோட இருந்தாத்தான் ஐஸ்ல நல்லா நிக்கும்." சொல்லிட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்து போயிட்டா. திரும்பிக்கூடப் பாக்கலை.

கம்பெனிக்காரன் பேசிட்டான். நாளைக்குக் காலையில வண்டி வருது. கலியபெருமாள் கரை மேல நின்னு பாக்கப்போறான். எல்லாம் நான் நெனைச்ச மாதிரியே நடந்துடுச்சு. அவ வேலையும் போச்சு, என் மீனும் போகுது. எனக்கு வேறென்ன வேணும்?

மணல்வெளியா? ஸ்டாப்பு வந்துடுச்சா? இல்லை கண்டக்டர், நான் எறங்கலை. நீங்க விசிலை ஊதுங்க. சீர்காழி வரைக்கும் போறேன், அவ வீட்டுக்கு. சமாதானம் பேச இல்லை தம்பி, அப்படி நெனைச்சுக்காதீங்க. மன்னிப்புக் கேக்கிற சாதி நான் இல்லை. கேள்வி கேக்கப் போறேன். பதிவேட்டுல உள்ளதை உள்ளபடி எழுதியிருக்க வேண்டியதுதானே? என் மீனைப் புதைச்சா புதைக்கட்டும், என் குட்டையை மூடினா மூடட்டும், நான் தாங்க மாட்டேனா? அவளுக்கு வயசு இருபத்தேழு. வேற எங்க போய் வேலை தேடுவா? மீன் படிப்புக்கு ஊர்ல எத்தனை வேலை இருக்கு? மறைச்சாளாம், எனக்காக மறைச்சாளாம். எவ்வளவு திமிரு இருக்கணும் அவளுக்கு!

கதவைத் தொறக்க மாட்டா. எனக்குத் தெரியும், தொறக்க மாட்டா. நான் தெருவுல நின்னே கேப்பேன், நாலு பேர் வந்து பாக்கட்டும். நான் கேட்டேனாடி, என்னைக் காப்பாத்துன்னு உன்கிட்ட வந்து கேட்டேனா?

என்ன தம்பி, ஏன் அந்தப் பக்கம் திரும்பிக்கிறீங்க? மெடிக்கல் ஷாப் வச்சிருக்கீங்க, நாலு எழுத்துப் படிச்சவரு, நியாயத்தைச் சொல்லுங்க. நான் கேட்டேனா?